நானூற்று ஐம்பதுக்குக் கீழே யாருமில்லை

சிகரதீபம் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ தேர்வு முடிவு, தேர்வு தொடங்குவதற்குப் பதினெட்டு நாட்கள் முன்பே அச்சாகிவிட்டது. இருபதடிக்குப் பதினைந்தடி ஃப்ளெக்ஸ் பேனர். மேலே தாளாளர் சிவபாண்டி கைகூப்பி நின்றார். அவருக்குக் கீழே, வரிசைக்குப் பதினாறு பேராக, பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்கள். அடியில் ஒரே ஒரு வாக்கியம்: 'பயின்ற 212 பேரும் 450-க்கு மேல்'.

மே மாதம் அரசு தன்னுடைய முடிவை வெளியிட்டது. அது பள்ளியின் முடிவோடு ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்பதாவது வரிசையில் மூன்றாவதாக இருந்த ஆயிஷா சித்திகா, அறுநூறுக்கு 447 வாங்கியிருந்தாள்.

அவளுடைய தகப்பனார் அப்துல் ஹலீமுக்கு இதில் ஒரு பிரச்சினை இருப்பது முதலில் தெரியவில்லை. தெற்குவெளி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குக்கரும் மிக்சியும் பழுதுபார்க்கிறவர் அவர். மகள் கணக்கில் 98 வாங்கியிருந்தாள். அதை வைத்து நகரில் பெயருள்ள ஒரு பெண்கள் கல்லூரி அவளுக்கு பி.எஸ்சி. கணிதத்தில் இடம் ஒதுக்கியிருந்தது. அறுபது இடங்களில் ஒன்று. வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்குள் பள்ளியின் மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். டி.சி. வாங்குவது அரை மணி நேர வேலை என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை காலை கடையை அரைக் கதவு மூடிவிட்டுக் கிளம்பினார்.

பள்ளி, திருப்பரங்குன்றம் தாண்டித் திருமங்கலம் போகிற சாலையில் இருக்கிறது. வாசலில் வாட்ச்மேன் சங்கிலி நோட்டைத் திருப்பினார்.

"பிள்ளை மார்க்கு எம்புட்டு பாய்?"

"நாநூத்து நாப்பத்தேழு."

சங்கிலி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை விரலால் தடவினார். 575-க்கு மேல் வாங்கிய பிள்ளையின் பெற்றோருக்குக் குளிரூட்டிய அறை, சோபா, பாதாம் பால். 500-க்கு மேல் என்றால் மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி. 450-க்கு மேல் என்றால் வேப்பமரத்தடி பெஞ்சு. அதற்குக் கீழே அட்டவணை முடிந்துவிட்டது.

"இதுக்குக் கீழ கட்டம் இல்லையேண்ணே. உங்களை எங்கிட்டு உக்கார வைக்க?"

"நான் நின்னுக்கிறேன்."

"நிக்கிறதுக்கும் கட்டம் வேணும்ல."

இருவரும் சிறிது நேரம் யோசித்தார்கள். சங்கிலி கெட்ட மனிதர் இல்லை. ஹலீமின் தோள்பையில் நீட்டிக்கொண்டிருந்த கேஸ்கட்டுகளை அவர்தான் கவனித்தார்.

"குக்கர் வேலை பாப்பீகளா? ஹாஸ்டல் குக்கர் ரெண்டு நாளா விசிலடிக்கலையாம். அப்படி எழுதிக்கிறேன், உள்ள போங்க."

ஹலீம் நோட்டில் எழுதிய காரணத்துக்கு உண்மையாக நடந்துகொண்டார். முதலில் விடுதிச் சமையலறைக்குப் போய், நாற்பது லிட்டர் குக்கரின் வெயிட் வால்வில் அடைத்திருந்த பருப்பைக் குத்தி எடுத்து, கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

அங்கே 'தேர்ச்சி மாண்புப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே பெர்சி மிஸ் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் வரை ஆயிஷாவுக்குக் கணக்கு எடுத்தவர். நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று தெரியவந்ததும் நிர்வாகம் அவரை அலுவலகத்துக்கு உயர்த்திவிட்டது.

"ஆயிஷா கணக்குல தொண்ணூத்தெட்டு," என்றார் பெர்சி மிஸ், குரலைத் தாழ்த்தி. "கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு பாய். வீட்டுல இருக்கும்போது."

"டி.சி. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் மிஸ்."

பெர்சி மிஸ் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். பெயரைத் தட்டினார். மொத்த மதிப்பெண் என்ற இடத்தில் 447 என்று அடித்தார். கட்டம் சிவப்பானது. 'அப்படி ஒருவர் இல்லை' என்றது திரை.

"பாத்தீங்களா? நாநூத்து அம்பதுக்குக் கீழ அடிச்சா எடுக்காது. சாப்ட்வேர் வாங்கும்போதே அப்படித்தான் சொல்லி வாங்கினாங்க."

"அப்ப அம்பதுன்னே அடிச்சு..."

"அது பொய்யில்லையா?" என்றார் பெர்சி மிஸ், உண்மையான அதிர்ச்சியோடு. பிறகு ஒரு வழி சொன்னார். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு பாடத்தில் எங்கேயாவது மூன்று மதிப்பெண் கிடைக்கும். முடிவு ஜூன் கடைசியில் வரும்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் குடுக்கணும் மிஸ்."

"அப்ப தாளாளரைப் பாருங்க. நாளைக்கு வாங்க. மறக்காம குக்கர் பையைக் கொண்டு வாங்க, வாசல்ல விடணும்ல."

புதன்கிழமை மிக்சி ஜார் பிளேடு மாற்றுகிறவராக உள்ளே போன ஹலீமைத் தாளாளர் சிவபாண்டி எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னார். அவருடைய மேசைக்குப் பின்னால் அதே பேனர் சுவரளவுக்குச் சிறிதாக்கப்பட்டுத் தொங்கியது. ஒன்பதாவது வரிசையில், மூன்றாவதாக, ஆயிஷா கொஞ்சம் பயந்த முகத்தோடு இருந்தாள். படம் எடுத்த அன்று அவளுக்குக் காய்ச்சல்.

"பாய், நான் ஒண்ணு கேக்குறேன். ஒரு பள்ளிக்கூடம் எதுல நிக்குது?" என்றார் தாளாளர். ஹலீம் பதில் சொல்வதற்கு அவர் இடம் விடவில்லை. "கட்டடத்துலயா? கட்டடம் லீசு. வாத்தியார்கள்லயா? அவுகளை ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சுக்கிறது எங்க வழக்கமில்ல. பிள்ளைகள்லயா? பிள்ளைக வரும், போகும். கடைசி வரைக்கும் நிக்கிறது இது ஒண்ணுதேன்." பின்னால் திரும்பாமலேயே கட்டைவிரலால் பேனரைக் காட்டினார்.

"பிள்ளை படிச்சதுக்கு ஒரு டி.சி.தான் சார் கேக்குறேன்."

"குடுக்க மாட்டேன்னு சொல்லலையே. குடுத்தா என்ன ஆகும்னு யோசிக்கச் சொல்றேன். டி.சி. குடுத்தா இந்தப் பிள்ளை இங்க படிச்சதுன்னு ஆகும். இங்க படிச்சா நாநூத்து அம்பதுக்கு மேல எடுத்திருக்கணும். எடுக்கலைன்னா, அது இங்க படிக்கல. நான் சொல்லலை, பேனர் சொல்லுது. பழங்காநத்தத்துல சொல்லுது, காளவாசல்ல சொல்லுது, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல சொல்லுது. மார்க் ஷீட்டு எங்க இருக்கு? உங்க வீட்டு பீரோவுல. வெளிச்சத்துல நிக்கிற ஒண்ணையும் பீரோவுக்குள்ள இருக்கிற ஒண்ணையும் வச்சா, ஊரு எதை நம்பும்?"

அவர் ஒரு தாளை நகர்த்தினார். மாணவி பிளஸ் ஒன்னிலேயே படிப்பை நிறுத்திவிட்டாள் என்றும், பிறகு தானாகத் தேர்வெழுதினாள் என்றும் தகப்பனார் எழுதிக் கொடுக்கும் கடிதம். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள். பெயர் எழுத மட்டும் புள்ளிக் கோடு.

"ரெண்டு வருஷமா விடியக்காலம் ஆறு மணி ஸ்பெஷல் கிளாசுக்கு வந்த பிள்ளை சார்," என்றார் ஹலீம்.

"அதை யாரு மறுத்தா? ஞாபகமா வச்சுக்குவோம். தாள்லதான் வேணாங்கிறோம்."

பழுதுபார்க்கிற மனிதருக்கு எதைப் பார்த்தாலும் எங்கே கோளாறு, எதை மாற்றலாம் என்றுதான் தோன்றும். ஹலீம் பேனரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சார், அந்த அஞ்சு மேல நாலுன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா நாநூத்து நாப்பதுக்கு மேலன்னு ஆயிரும். எல்லாப் பிள்ளையும் உள்ள வந்துரும். உண்மையாவும் இருக்கும்."

தாளாளரின் முகத்தில், மிக நெருங்கிய ஒருவரைப் பற்றித் தவறாகக் கேள்விப்பட்டவரின் வேதனை தெரிந்தது.

"ஒரு பிள்ளைக்காக இருநூத்திப் பதினோரு பிள்ளைகளைப் பத்து மார்க்கு இறக்கச் சொல்றீக. பாய், ஃப்ளெக்ஸைத் திருத்தக் கூடாது. பிள்ளையைத் திருத்தலாம். அதுக்குத்தேன் பள்ளிக்கூடம் இருக்கு."

ஹலீம் கையெழுத்துப் போடாமல் எழுந்தார். அன்று பகலே கல்வி அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பள்ளி மீதான புகாரை ஏற்கலாம் என்றும், அது பள்ளித் தாளாளரின் பரிந்துரைக் கையொப்பத்தோடு வரவேண்டும் என்றும் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. மனைவி சனோபர், "அப்ப ரெண்டு வருஷமா டிபன் கட்டிக் குடுத்து நான் யாரை அனுப்பினேன்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆயிஷா அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஹலீமுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு மார்க்கு எங்க போச்சுன்னு பாத்தேன் அத்தா. இங்கிலீசு கட்டுரையில ஒரு பக்கம் கம்மியா எழுதிட்டேன்," என்றாள்.

"அதை விடு. உனக்கு சீட்டுக் குடுத்தது கணக்குக்கு."

"இல்லத்தா. அந்தப் பக்கத்தை எழுதியிருந்தா நான் அங்க படிச்சிருப்பேன்ல."

மறுநாள் பள்ளியிலிருந்தே அழைப்பு வந்தது. பிரச்சினையை ஆராய ஒரு குழு கூடியதாகவும், மனிதாபிமான அடிப்படையில் முடிவு எட்டப்பட்டதாகவும் பெர்சி மிஸ் சொன்னார். ஐந்து பேனர்களிலும் ஆயிஷாவின் முகத்தின் மேல் பள்ளிச் சின்னம் ஒட்டப்பட்டுவிட்டது. 212 என்பதன் கடைசி இலக்கத்தின் மேல் 1 ஒட்டப்பட்டுவிட்டது. ஆயிஷா பேனரில் இல்லாததால் இனி அவள் எத்தனை மதிப்பெண்ணும் வாங்கியிருக்கலாம். டி.சி. தயார்.

"ஃப்ளெக்ஸைத் திருத்தக் கூடாதுன்னாரே?" என்று கேட்டார் ஹலீம்.

"இது திருத்தம் இல்ல பாய். தூய்மை."

சான்றிதழில் எல்லாம் சரியாக இருந்தது. நடத்தை: நன்று. ஹலீம் அதை மூன்று நகல் எடுத்தார். வீட்டில் சொன்னபோது ஆயிஷா, "இருநூத்திப் பதினொண்ணு பகா எண் அத்தா. அதை யாராலயும் வகுக்க முடியாது," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவின் கனகா, டி.சி.யைப் பார்த்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஹலீமும் பார்த்தார். கல்லூரி வாசலுக்கு எதிரே, டீக்கடைக்குப் பக்கத்தில், சவுக்குக் கம்புச் சட்டத்தில் சிகரதீபம் பள்ளியின் ஐந்தாவது பேனர் நின்றது.

"அந்த ஸ்கூல்தானே?"

"ஆமாம்மா."

"அங்க படிச்ச இருநூத்திப் பதினோரு பேருமே நாநூத்து அம்பதுக்கு மேல. உங்க மகளோட மார்க் ஷீட்டு நாநூத்து நாப்பத்தேழுன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு போலி."

"இது கவர்மெண்டு குடுத்த மார்க்கும்மா."

"கவர்மெண்டு சென்னையில இருக்குண்ணே. பேனர் எதிர்த்தாப்புல இருக்கு. மார்க் ஷீட்ட யாரு வேணும்னாலும் இன்டர்நெட்ல எடுத்து ஒரு பக்கத்துல பிரிண்ட் போடலாம். இருபதடி பொய்யை யாரு செலவழிச்சு அடிப்பா? நீங்களே சொல்லுங்க." கனகா குரலை உயர்த்தவில்லை. "கணக்குல தொண்ணூத்தெட்டு எடுத்த பிள்ளை மொத்தத்துல இப்படி எடுக்குமான்னு எனக்கே உறுத்துது. ஸ்கூல்லருந்து, இந்த மார்க் சரிதான்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. மூணு மணிக்கு லிஸ்ட்டை மூடிருவேன். ஒண்ணுலருந்து ரெண்டரை சாப்பாட்டு நேரம்."

ஹலீம் வராந்தாவில் நின்று பள்ளிக்கு அழைத்தார். பெர்சி மிஸ் எடுத்தார். முழுவதையும் கேட்டார்.

"கடிதம் தரலாம் பாய். ஆனா, நாநூத்து நாப்பத்தேழு எடுத்த மாணவி எங்க பள்ளியில யாரும் இல்லைன்னுதான் எழுத முடியும். அப்படி ஒண்ணு உதவுமா?" பிறகு, "நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது உண்மை. அதை நான் மறக்க மாட்டேன்," என்றார். வைத்துவிட்டார்.

ஆயிஷா வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். "திருமங்கலத்துல கவர்மெண்டு காலேஜ் எதுலயாவது மிச்ச சீட்டு இருக்கும் அத்தா. போயிருவோம்," என்றாள். அவள் இப்படி விட்டுக்கொடுத்துப் பேசியது ஹலீமுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளி அவளுக்கு வேறு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"இங்கயே இரு. வாரேன்," என்றார்.

பேனரின் மூலையில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அது அவருக்குத் தெரிந்த கடை. நடத்துகிற ஜூடு, அவரிடம் குக்கர் கொடுத்து வாங்குகிறவன். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால்.

"பாய், வெள்ளிக்கிழமை இந்நேரம் பள்ளிவாசல்ல இல்லாம இங்க நிக்கிறீக?"

ஹலீம் சொன்னார். ஜூடு சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

"நான்தான் அடிச்சேன். பிப்ரவரியிலயே. 'சார், பரீட்சையே நடக்கலையே'ன்னு கேட்டேன். 'நடந்தப்புறம் ரேட்டு ஏறிரும்'னாரு. அடுத்த வருசத்ததும் வந்திருச்சு, பாருங்க."

திரையில் புதிய பேனர் விரிந்திருந்தது. '475-க்கு மேல்'. பிளஸ் டூ வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அந்த முகங்களில் சில, ஹலீம் தெருவில் பார்த்த முகங்கள். ஒரு பையனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. எல்லாரும் கேமராவைப் பார்த்து நம்பிக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரே ஒரு நாலு வேணும் ஜூடு. அந்த அஞ்சு சைசுக்கு. அதே நிறத்துல."

ஜூடு அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு பழைய கோப்பைத் திறந்து, எழுத்தின் அளவை எடுத்து, ஒரு நான்கை வெட்டிக் கொடுத்தான். "நல்ல பசை. ஒட்டினா எடுக்க வராது. நேரா வச்சு ஒட்டுங்க," என்றான்.

ஒன்று பத்துக்கு ஹலீம் டீக்கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கினார். வெயிலில் சாலை காலியாக இருந்தது. தூரத்தில் ஏதோ பள்ளிவாசலில் ஜும்மா தொழுகையின் குத்பா உரை ஒலிபெருக்கியில் கேட்டது. வளர்ந்த பிறகு அவர் தவறவிட்ட முதல் ஜும்மா அது. ஆயிஷா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஸ்கூல் ஆளா?" என்று கேட்டார். "ஆமா, திருத்த வேலை," என்றார் ஹலீம். கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. பேனரில் ஏறி நிற்பவரை இந்த ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான்கு, ஐந்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. காற்றுக் குமிழி இல்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். '440-க்கு மேல்'. வேலை முடிந்துவிட்டது. அவர் இறங்கப் போனார்.

"அத்தா," என்றாள் ஆயிஷா கீழேயிருந்து. "அதையும் எடுத்துருங்களேன்."

ஒன்பதாவது வரிசையில், மூன்றாவது இடத்தில், மலையுச்சியில் ஒரு விளக்கு எரியும் பள்ளிச் சின்னம் இருந்தது. அவருக்குக் கை எட்டியது. மூலையை நகத்தால் கிளப்பினார். கேஸ்கட் உரிக்கிறவர் என்பதால் அவசரப்படவில்லை. சிறிது சிறிதாக, ஒரே சீராக இழுத்தார். ஸ்டிக்கர் முழுசாகக் கையோடு வந்தது. அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஃப்ளெக்ஸின் மையையும் பசை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தார். காய்ச்சலில் எடுத்த அந்த முகம், சின்னத்தின் முதுகில், இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது.

அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். ஆயிஷா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கனகா மறுபடியும் காகிதங்களைக் கையில் எடுத்தார். "கடிதம்?"

"பேனரை இன்னொரு தடவை பாத்துருங்கம்மா," என்றார் ஹலீம்.

கனகா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மார்க் ஷீட்டைப் பார்த்தார். மறுபடி பேனர்.

"அட, நாநூத்து நாப்பதா? காலையில வெயிலு நேரா கண்ணுல அடிச்சதுல அம்பதுன்னு பாத்துட்டேன் போல. தப்பா எடுத்துக்காதீங்க. நாங்களா சந்தேகப்படுறதில்ல, ஆதாரம் இருந்தா ஒத்துக்குவோம்." முத்திரையை மையில் ஒற்றி இரண்டு இடத்தில் குத்தினார். ஆயிஷாவைப் பார்த்துச் சிரித்தார். "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துரும்மா. உக்கார்ற இடம் நோட்டீஸ் போர்டுல இருக்கும். மொத்த மார்க் வரிசையில போட்டிருப்போம். உனக்கு அம்பத்தெட்டாவது."

"எத்தனைல மேடம்?" என்று கேட்டாள் ஆயிஷா.

"அறுபதுல."

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. நிழல் விழும் பக்கத்து ஜன்னலோரத்தில் ஆயிஷாவை உட்காரவைத்துவிட்டு ஹலீம் பக்கத்தில் அமர்ந்தார். சேர்க்கைச் சீட்டை விரித்து, முத்திரையை இரண்டு தடவை படித்தார். மனைவிக்குப் போன் செய்து, "கிடைச்சிருச்சு," என்றார். அந்தப் பக்கம் சனோபர் என்னவோ கேட்டாள். "எல்லாம் வந்து சொல்றேன்," என்று வைத்தார்.

காளவாசல் நெருங்கும்போது ஆயிஷா எழுந்து, அவரைத் தாண்டி, எதிர்ப்பக்க இருக்கைக்குப் போனாள். அங்கே மே மாதத்து நாலு மணி வெயில் இருக்கை முழுவதும் விழுந்து கிடந்தது.

"ஏத்தா, அந்தப் பக்கம் வெயிலு," என்றார் ஹலீம்.

"இருக்கட்டும் அத்தா."

அவர் தன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காளவாசல் பேனர் வந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பதினோரு பிள்ளைகளும், கைகூப்பிய தாளாளரும், ஒன்பதாவது வரிசையில் ஒரு விளக்கும். அது கடந்து போகும் வரை அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.